பெர்னடீனுக்கு ஐம்பது தோட்டா

கார்னெட் ஃபோர்க் துப்பாக்கி கிளப்பில் எழுதிய சட்டங்கள் பதினேழு. கண்ணாடி போட்டுச் சுவரில் தொங்குகின்றன. அவற்றை முழுதாகப் படித்தவர் யாரும் இல்லை. எழுதாத சட்டம் ஒன்றுதான்: அடுத்தவன் பல்துலக்கியை வாயில் வைத்தாலும் வை, அடுத்தவன் கெட்டித்த தோட்டாவை உன் துப்பாக்கியில் வைக்காதே. இதை மீறியவர் யாரும் இல்லை.

நியாயம்தானே. ஒருவன் வீட்டு கராஜில் உட்கார்ந்து ஈயத்தை உருக்குகிறான், குண்டு வார்க்கிறான், பித்தளைக் கூட்டில் வெடிமருந்தைப் போட்டுக் குண்டால் மூடுகிறான். அந்த நேரத்தில் அவன் மனசு எங்கே மேய்ந்துகொண்டிருந்தது என்று யாருக்குத் தெரியும்? பெண்டாட்டியோடு சண்டை போட்டுவிட்டு வந்து கெட்டித்த தோட்டாவாகக்கூட இருக்கலாம். பெர்னடீன் ஸ்ட்ரோ தன் புருஷன் கஸ் உயிரோடு இருந்த காலத்திலேயே அவர் கெட்டித்ததைத் தொட்டதில்லை. "ஆம்லெட்டுக்கு உப்புப் போட மறக்கிற மனுஷன்" என்று ஒரே வரியில் காரணம் சொல்லி முடித்துவிட்டார்.

அந்தப் பெர்னடீன்தான் புதன்கிழமை காலையில் தபால் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு தபால்காரன் ஹார்லன் ட்வெட்டின் வண்டியை மறித்தார். அறுபத்தாறு வயது. வட்டாரத்தின் மண் ரோடுகளை முப்பது வருஷம் இயந்திரத்தில் உட்கார்ந்து சமன் செய்தவர். சுடுவதில் கிளப்பின் முதல் கை. இடது மணிக்கட்டில் வெள்ளை வெளேரென்று மாவுக்கட்டு.

"கை என்ன ஆச்சு, பெர்னடீன்?"

"படிக்கட்டுல யாரு முதல்ல எறங்குறதுன்னு எனக்கும் நாய்க்கும் ஒரு தகராறு. நாய் ஜெயிச்சிடுச்சு. கடுதாசியைக் கொடுத்துட்டு ஓடிடாதே, ஒரு வேலை இருக்கு."

ஹார்லன் வண்டியை அணைத்தான்.

"சுடறதுக்கு ஒரு கை போதும்," என்றார் பெர்னடீன். "கெட்டிக்கத்தான் ரெண்டு கை வேணும். சனிக்கிழமை போட்டிக்குப் பெல்நாப் ஊர்க்காரங்க வர்றாங்க. என்கிட்ட பதினோரு தோட்டாதான் கெடக்கு. ஐம்பது வேணும். முப்பத்தெட்டு காலிபர். தட்டை மூக்குக் குண்டு, சட்டுனு எரியற மருந்து. நீ உனக்குப் போடற அளவே போடு."

"என்கிட்டயா கேக்கறீங்க?"

"இல்ல, உன் பின்னாடி நிக்கற மாட்டுக்கிட்ட."

ஹார்லன் திரும்பிப் பார்த்தான். நிஜமாகவே ஒரு மாடு நின்றது. மறுபடி இந்தப் பக்கம் திரும்பியபோது பெர்னடீன் வீட்டை நோக்கிப் பாதி தூரம் போயிருந்தார். "ஊரெல்லாம் தண்டோரா போடாதே, தபால்காரா" என்ற குரல் மட்டும் வந்தது.

இந்த இடத்தில் ஹார்லனைப் பற்றி ஒரு உண்மையைச் சொல்லியாக வேண்டும், அவனே சொல்லிக்கொள்வதுதான். சுடுவதில் அவன் கிளப்பில் கடைசிக்கு முந்தினவன். கடைசி ஆளுக்குப் போன மாதம்தான் கண் ஆபரேஷன் ஆனது. "நான் குறி வெச்சா பாதுகாப்பான இடம் குறிதான்" என்று அவனே சிரிப்பான். ஆனால் கெட்டிப்பதில் அவனை அடிக்க ஆள் இல்லை என்று அவனுக்குத் தெரியும். சிக்கல் என்னவென்றால், அது அவனுக்கு மட்டும்தான் தெரியும். அவன் தோட்டாவை அவன்தான் சுடுகிறான். அவன் சுடுகிற அழகுக்குத் தோட்டாவின் அழகு எங்கே வெளியே தெரியப்போகிறது? நல்ல சமையல்காரனுக்குச் சாப்பிடுகிறவன் நாக்கு செத்தவனாக அமைந்தது போலத்தான். இருபது வருஷமாக அந்தச் செத்த நாக்கும் அவனுடையதே.

இப்போது பெர்னடீன் சாப்பிடப் போகிறார்.

அவர் சொன்னபடியே அவன் யாரிடமும் சொல்லவில்லை, நாலே நாலு பேரைத் தவிர. சாயங்காலத்துக்குள் ஊரில் பாதிப் பேர் அவன் தோளில் தட்டினார்கள்.

வியாழக்கிழமை தபால் சுற்று முடிந்ததும் கராஜில் ஈயம் உருக்கும் சட்டி ஏறியது. டயர் கடை டூயி வாளி வாளியாகக் கொடுக்கிற பழைய சக்கர ஈயக் கட்டிகள், கொஞ்சம் வெள்ளீயம், அழுக்கு மேலே வர ஒரு துண்டு மெழுகு. கதவு, ஜன்னல் எல்லாம் திறந்து வைத்துக்கொண்டான். அச்சு சூடேறும் வரை வருகிற குண்டுகள் தண்ணீரில் ஊறிய விரல் மாதிரி சுருங்கித்தான் வரும். அவற்றை மறுபடி சட்டிக்கே அனுப்பினான். பிறகு அச்சு வழிக்கு வந்தது. ஒவ்வொரு முறை திறக்கும்போதும் வெள்ளிப் பல் மாதிரி ஒரு குண்டு துணியில் விழுந்தது. இருநூறு வார்த்தான். விளக்குக்குக் கீழே ஒவ்வொன்றாக உருட்டிப் பார்த்து, ஓரம் மழுங்கினது, அடியில் ஊசிக்குழி விழுந்தது என்று கழித்துக்கட்டி ஐம்பதை நிறுத்தினான்.

வாசலில் சாய்ந்து நின்ற அவன் மனைவி கொரீன் கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்தாள்.

"நம்ம கல்யாணத்துக்கு மோதிரம் வாங்குனப்ப நீ இவ்வளவு நேரம் பாக்கல."

"மோதிரத்தை யாரும் ஐம்பது அடியில வெச்சுச் சுடப்போறதில்லையே."

"சுடணும்னு எனக்குப் பல தடவை தோணியிருக்கு," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் மருந்து போடும் வேலை. பல்லாங்குழியைப் பெரிதாக்கினது போல ஐம்பது குழி வெட்டிய மரப்பலகை. குழிக்கு ஒரு பித்தளைக் கூடு, வாயைத் திறந்துகொண்டு நிற்கிறது. மருந்து அளக்கும் கருவியின் கைப்பிடியை ஒருமுறை இறக்கி ஏற்றினால் ஒரு பங்கு மருந்து விழும். நாற்பது கூடு முடிந்திருக்கும். அப்போது டூயி ஈய வாளியோடு வந்தான். டூயிக்குத் துப்பாக்கி சுடத் தெரியாது. ஆனால் கேள்வி கேட்கத் தெரியும். அது அதைவிட ஆபத்து.

"இவ்வளவுதானா மருந்து? என்னடா, மூக்குப்பொடி மாதிரி இருக்கு?"

வேறு நாளாக இருந்தால் ஹார்லன், "வேலையா இருக்கேன், அப்புறம் வா" என்றிருப்பான். மருந்து போடும்போது பேசக் கூடாது என்பது அவனே எல்லோருக்கும் சொல்கிற பாடம். ஆனால் இன்றைக்கு அவன் பெர்னடீனுக்குத் தோட்டா செய்கிறவன். பெருமைக்கு வாய் நீளம்.

"இது அவசரக்காரன் மருந்துடா. தொட்டதும் எரிஞ்சு முடிஞ்சிடும். ரிவால்வர், ஈயக் குண்டு, இந்த மருந்து, மூணுக்கும் ஜாதகப் பொருத்தம் அப்படி. ஒரு டப்பா வருஷம் முழுக்க வரும். ஆனா கொஞ்சமா இருக்கறதுதான் இதுல விஷமே. இப்பப் பாரு." ஏற்கெனவே மருந்து போட்ட கூடு ஒன்றை எடுத்துக் கருவிக்கடியில் பிடித்துக் கைப்பிடியை இன்னொரு முறை இறக்கினான். "ரெட்டைப் பங்கு. கூடு நெறஞ்சுதா? பாதிகூட வரல. மெதுவா எரியற மருந்தா இருந்தா வழிஞ்சு மேசையில கொட்டிக் காட்டிக் கொடுத்துடும். இது வாயே தொறக்காது."

"இதைச் சுட்டா?"

"துப்பாக்கி ஒரு பக்கம், விரல் ஒரு பக்கம்."

டூயி பயந்தவனாக இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டான். அந்தப் பயம் ஹார்லனுக்கு இன்னும் தெம்பு கொடுத்தது. கஸ்ஸின் ஆம்லெட் கதையை எடுத்தான். அதைச் சொல்லிக்கொண்டே மீதிப் பத்துக் கூட்டையும் முடித்தான். குண்டு வைத்து மூடுவதற்கு முன் டார்ச் அடித்து ஐம்பது கூட்டுக்குள்ளும் எட்டிப் பார்ப்பது அவன் வழக்கம். அன்றைக்கும் அடித்தான். டார்ச் கூட்டைப் பார்த்தது. ஹார்லன் டூயியின் முகத்தைப் பார்த்தான்.

சனிக்கிழமை வானம் துடைத்து வைத்தது போல இருந்தது. பெல்நாப்காரர்கள் மூன்று பிக்கப் வண்டியில் வந்து இறங்கினார்கள். அவர்கள் தலைவர் ரோலண்ட் ஹெக் வேலையில் பல் டாக்டர். யாரைப் பார்த்தாலும் வாயைத்தான் முதலில் பார்ப்பார். அன்றைக்குப் போட்டியில் கட்டளை சொல்வது அவர் முறை. ஹார்லன் பெட்டியை நீட்டியபோது பெர்னடீன் அதை மேசையில் வைத்து மூடியைத் திறந்தார். ஒரு தோட்டாவை எடுத்து வெயிலில் திருப்பினார். மேல் விளிம்பை நகத்தால் தடவினார்.

"ம்," என்றார்.

பெர்னடீன் அகராதியில் "ம்" என்றால் மலர் மாலை.

"வேற ஆளு தோட்டாவா?" என்று ரோலண்ட் இழுத்தார். "கஸ்ஸைக் கட்டிக்கிட்டப்பகூட நீங்க இவ்வளவு துணியலையே."

"அப்ப எனக்கு இருபது வயசு. துணிச்சலா, புத்தியில்லாமையான்னு யாரு கண்டா? நீ வாயை மூடிட்டுக் கட்டளை சொல்லு."

முதல் அணி சுடும் கோட்டில் நின்றது. ஹார்லனுக்கு இரண்டாவது அணியில்தான் இடம். பின்னால் பெஞ்சில் உட்கார்ந்து கையில் காப்பியோடு, மகள் அரங்கேற்றம் பார்க்க வந்த அப்பன் போலக் கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தான். பக்கத்தில் டூயி ஒரு பெல்நாப்காரனிடம், நேற்றுக் கற்ற வித்தையை இன்றைக்கே விற்றுக்கொண்டிருந்தான்.

"ரெண்டு பங்கு போட்டாலும் கூட்டைப் பாத்தா தெரியாதாம். எனக்குப் போட்டே காட்டினான். காட்டிட்டுப் பலகையில திருப்பி வெச்சான் பாருங்க, அம்பதுல அது எதுன்னு என்னால கண்டுபிடிக்கவே முடியல."

ஹார்லன் காப்பியைக் கீழே வைத்தான்.

திருப்பி வைத்தேனா? கொட்டிவிட்டுத்தானே வைத்திருப்பேன்? நேற்று நடந்த எல்லாம் ஞாபகம் வந்தது. டூயியின் சட்டையில் இருந்த கிரீஸ் கறை வந்தது. ஆம்லெட் கதையில் அவன் எந்த இடத்தில் சிரித்தான் என்பது வந்தது. கூட்டைக் கவிழ்த்து மருந்தைக் கொட்டியது மட்டும் வரவில்லை.

"ஐந்து தோட்டா நிரப்புங்க," என்றார் ரோலண்ட்.

பெர்னடீன் மாவுக்கட்டுக் கையால் ரிவால்வரை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு, வலது கையால் ஒவ்வொன்றாக இட்டார். ஐம்பதில் ஒன்று. அதுவும் சந்தேகம்தான். இருபது வருஷப் பழக்கம், கை தானாகக் கொட்டியிருக்கும். இப்போது வாயைத் திறந்தால் இரண்டு ஊர் முன்னால் போவது அவனிடம் இருந்த ஒரே நல்ல பெயர். ஒரு நொடி அவன் பேசாமல் இருந்தான். பொய் சொல்லக் கூடாது, இரண்டு நொடி.

பிறகு பெஞ்சு கவிழ எழுந்து கத்தினான். "சுடாதீங்க! யாரும் சுடாதீங்க! நிறுத்துங்க!"

அந்தச் சொல்லை யார் சொன்னாலும் கோடு நின்றாக வேண்டும். அது எழுதிய சட்டம். எட்டு ரிவால்வர்களும் மேசைக்கு இறங்கின. பெர்னடீன் தோட்டா இருக்கும் சிலிண்டரைத் திறந்து வைத்துவிட்டு, காதுக் கவசத்தைக் கழுத்துக்கு இறக்கிக்கொண்டு நடந்து வந்தார்.

"என்ன பாத்தே?"

"எதையும் பாக்கல. அதான் தப்பு."

எல்லாவற்றையும் சொன்னான். டூயிக்குக் காட்டியது, டார்ச், ஆம்லெட் கதை உள்பட. சொல்லும்போதே காது சூடேறியது. பெல்நாப் பக்கம் யாரோ சிரித்தார்கள். யாரோ, "இதுக்குத்தான் அந்தச் சட்டம்" என்றார்கள். பெர்னடீன் முகத்தில் ஒரு ரோமம் அசையவில்லை.

ரோலண்ட் தன் வண்டியிலிருந்து தராசைக் கொண்டுவந்தார். "இதுக்கு எதுக்கு இவ்வளவு முழிக்கறே? உன் குண்டெல்லாம் ஒரே எடைன்னு மாநிலம் முழுக்கச் சொல்லிட்டுத் திரியறியே. தோட்டாவை ஒவ்வொண்ணா நிறுத்துப் பாத்தா கனமா இருக்கறதுதான் அது."

"கண்டுபிடிக்க முடியாது, ரோலண்ட். ஒரு பங்கு மருந்தே தூசி எடை. வார்த்த குண்டுக்குக் குண்டு அதைவிட ஜாஸ்தி கூடும் குறையும். பித்தளைக் கூடும் அப்படித்தான்."

"அப்போ எல்லாம் ரெட்டைப் பிள்ளைங்கன்னு சொன்னியே?"

"அக்கா தங்கச்சிங்க," என்றான் ஹார்லன். கொஞ்சம் யோசித்து, "சில பேரு ஒண்ணுவிட்ட அக்கா," என்று சேர்த்தான்.

ஆக, பிடுங்கித்தான் பார்க்க வேண்டும். அதற்கென்று உள்ளே குடைந்த ஒரு சுத்தி உண்டு. தோட்டாவை அதன் தலையில் மாட்டி மரத்தில் ஓங்கி அடித்தால், நாலைந்து அடியில் குண்டும் மருந்தும் கழன்று சுத்திக்குள்ளேயே விழும். ஹார்லன் ஒரு மரக்கட்டைக்கு முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தான். சுத்திக்குள் பஞ்சு அடைத்துக்கொண்டான், குண்டின் மூக்கு நசுங்காமல் இருக்க. சிலிண்டரில் இருந்த ஐந்திலிருந்து ஆரம்பித்தான். அவன் அடிக்க, ரோலண்ட் மருந்தைத் தட்டில் கொட்டி நிறுத்து எண்ணைச் சத்தமாகப் படித்தார். படித்ததில் கொஞ்சம் பல் டாக்டரின் குஷி இருந்தது.

பத்தாவதிலிருந்து ரோலண்ட் எண்ணைச் சொல்லவில்லை. "அதே" என்றார். இருபதாவதில் "அதேதான்". இருபத்தைந்துக்கு மேல் வெறுமே தலையை ஆட்டினார். சிரித்தவர்கள் ஒவ்வொருவராகக் கட்டையைச் சுற்றி நெருங்கி வந்தார்கள். ஒரு பெல்நாப்காரன் குனிந்து, ரகசியம் கேட்பது போல, "எந்தக் கருவி வெச்சிருக்கீங்க?" என்றான். வெட்கத்துக்கு நடுவில் ஹார்லனுக்குள் பெருமை மெல்லத் தலையை நீட்டியது. அவன் அதைச் சுத்தியாலேயே ஒரு போடு போட்டு உட்காரவைத்தான்.

நாற்பது ஆனது. எல்லாம் அதே.

"போதும்பா," என்றார் ரோலண்ட். குரலில் கிண்டல் போய்விட்டிருந்தது. "நீ கொட்டியிருக்கே. இப்படி அளக்கற கை கொட்டாம விடாது."

"பத்து பாக்கி இருக்கு," என்றான் ஹார்லன்.

நாற்பத்து மூன்றாவதில் மருந்து தட்டில் விழுந்துகொண்டே இருந்தது போல் அவனுக்குத் தோன்றியது. ரோலண்ட் தராசைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். எண்ணைச் சொல்லவில்லை, தராசை எல்லோரும் பார்க்கும்படி திருப்பி வைத்தார். சரியாக இரண்டு மடங்கு. ரோமம்கூடக் குறையவில்லை, கூடவில்லை.

டூயி கவிழ்ந்து கிடந்த பெஞ்சின் மேலேயே உட்கார்ந்தான். பெர்னடீன் தன் வலது கையை ஒருமுறை விரித்துப் பார்த்தார். பிறகு அதைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டார்.

ஹார்லன் மீதி ஏழையும் அடித்துப் பிடுங்கினான். ஏழும் அதே. எழுந்தபோது முழங்காலில் மண்.

"நான் கிளம்பறேன், பெர்னடீன்."

"எங்கே?"

"வீட்டுக்கு."

"அப்போ நான் எதை வெச்சுச் சுடறது? மாவுக்கட்டையா?"

"என்கிட்ட நூறு இருக்கு," என்றார் ரோலண்ட். நல்ல மனசோடுதான் சொன்னார்.

"அப்படியே உன் பல்துலக்கியையும் கொடு, ரோலண்ட்," என்றார் பெர்னடீன். ஹார்லன் பக்கம் திரும்பினார். "கூடு இங்கே, குண்டு இங்கே, மருந்தும் இங்கேதான் கெடக்கு. ரோலண்ட் வண்டியில தோட்டா மூடற கைப் பிரஸ் ஒண்ணு இருக்கு, நான் பாத்தேன். உக்காரு. கெட்டி."

"நானா?"

"மாடு வரலையே இன்னைக்கு."

போட்டி ஒரு மணி நேரம் தள்ளிப்போனது. மத்தியானத்துக்கென்று வைத்திருந்த எல்க் மான் சாசேஜ் முன்னதாகவே அடுப்பில் ஏறியது. ஹார்லன் மேசையில் உட்கார்ந்தான். கருவி இல்லை, ஆகவே ஒவ்வொரு பங்கையும் சின்னக் கரண்டியால் எடுத்துத் தராசில் நிறுத்து ஊற்றினான். ஒரு கூட்டுக்கு ஊற்றியதும் பெர்னடீன் மாவுக்கட்டுக்கும் நெஞ்சுக்கும் நடுவில் இடுக்கிய டார்ச்சோடு குனிந்து உள்ளே பார்த்தார். "பாத்தாச்சு" என்றார். அதற்குப் பிறகுதான் குண்டு. இரண்டு ஊர்க்காரர்களும் சாசேஜைக் கையில் வைத்துக்கொண்டு கோயில் மாதிரி அமைதியாக நின்றார்கள். நடுவில் டூயி தொண்டையைச் செருமினான்.

"டூயி," என்றார் பெர்னடீன், திரும்பாமலே. "பேசினேன்னா உன் டயருக்கு ரெட்டைப் பங்கு காத்து."

போட்டிக்கு வேண்டிய முப்பது தோட்டா. மூக்கு சற்று நசுங்கினதை எல்லாம் ஒதுக்கி, இருப்பதில் அழகான முப்பது. பெர்னடீன் கோட்டுக்குப் போனார். ஐந்தை இட்டார், வலது கையை நீட்டினார். ஹார்லன் பெஞ்சுக்குப் போகவில்லை; நின்ற இடத்திலேயே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான். முதல் வெடி மெத்தென்று, கதவைச் சாத்துகிற சத்தம் மாதிரிதான் கேட்டது. நல்ல தோட்டா அப்படித்தான் பேசும். இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதுக்குள் அவனுக்கு மூச்சு வந்தது.

ஒருமுறை பிடுங்கின குண்டுக்கு முதலில் இருந்த இறுக்கம் திரும்ப வராது. வழக்கமாக முந்நூறுக்கு இருநூற்றெண்பத்தேழு எடுக்கிறவர் இருநூற்றெண்பத்து மூன்றில் நின்றார். ஊர் மூன்று புள்ளியில் தோற்றது. இரண்டாவது அணியில் ஹார்லன் எடுத்த எண்ணை இங்கே எழுதாமல் விடுவதே கார்னெட் ஃபோர்க்குக்குச் செய்கிற உபகாரம்.

கிளம்பும்போது ரோலண்ட் அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார். "நாப்பத்தொம்பதும் ஒரே அளவு," என்றார். "முப்பது வருஷமா நான் அப்படி ஒண்ணு பாத்ததில்ல. அம்பதாவதும் பாத்ததில்ல."

பெர்னடீன் காலிப் பெட்டியை அவன் வண்டி இருக்கையில் வைத்தார். "கட்டுப் பிரிக்க ஆறு வாரம் ஆகுமாம். அதுவரைக்கும் வாரம் அம்பது."

ஹார்லன் பெட்டியைப் பார்த்தான், அவரைப் பார்த்தான். "இன்னைக்கு நடந்ததுக்கு அப்புறமுமா?"

"இந்த கிளப்புல ஒவ்வொருத்தனும் தன் தோட்டா நல்ல தோட்டான்னு கத்திக் கேட்டிருக்கேன். கெட்டதுன்னு கத்தின ஆளு நீ ஒருத்தன்தான்." ஏதோ அதிகமாகப் பேசிவிட்டது போல உடனே முகத்தைச் சுளித்தார். "இன்னும் ஒரு தடவை இப்படிக் கத்த வேண்டி வந்துச்சுன்னா உன்னை நாயோட படிக்கட்டுல எறங்க விட்டுடுவேன். போ."

வீட்டில் கொரீன் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "ஜெயிச்சீங்களா?"

"மூணு புள்ளியில தோத்துட்டோம்."

"தோத்தவன் மூஞ்சி மாதிரி தெரியலையே."

அவன் நடந்ததைச் சொன்னான். இரட்டைப் பங்கு வரும் இடத்தில் அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். கடைசி வரை கேட்டுவிட்டு, அவன் சட்டைக் காலரில் ஒட்டியிருந்த பஞ்சை எடுத்துப் போட்டாள். "வாரம் அம்பதா," என்றாள். "அந்தப் பொம்பளையா சொன்னாங்க?"

"அவங்களேதான்."

"சாப்பிட்டுட்டுப் போயேன்."

"சட்டி சூடாக நேரமாகும், கொரீன். ஏத்தி வெச்சுட்டு வந்துடறேன்." கராஜுக்குள் போனான். ஜன்னலைத் திறந்தான், சட்டியை ஏற்றினான். பிறகு இருபது வருஷத்தில் முதல் முறையாக, கதவுக்கு உள்ளே தாழ் போட்டான்.